குழாய் வீட்டு பேஸ்ட்

என் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். மகள் சோறு போடாமல் துரத்திவிட்டாள் என்றாள் ஒருத்தி. கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றாள் இன்னொருத்தி. இரண்டும் பொய். எங்கள் வீட்டில் யாரையும் யாரும் துரத்தியதில்லை. புத்தியும் யாருக்கும் குறைவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வீட்டில் மூத்தவள் நான் ஒருத்தி இருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

தம்பி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் அப்பா ஒரு வீடாகக் கட்டிப் பிறகு இரண்டாகப் பிரித்தார். பின்பக்கம் போக வர ஒரு கதவு விட்டுவைத்தார். என் கணவர் போன பிறகு நான் என் பக்கத்தில் தனியாக இருந்தேன். தம்பி மனைவி போன பிறகு அவன் அவன் பக்கத்தில் தனியாக இருந்தான். சமையல் மட்டும் ஒன்று.

தெருவில் எங்கள் வீட்டைக் குழாய் வீடு என்பார்கள். தம்பி பெரிய கட்டடங்களுக்குச் செம்புக் குழாய் இழுக்கும் கான்ட்ராக்ட் எடுத்தவன். முழங்கால் போகும்வரை ஒவ்வொரு ஒட்டையும் தானே குனிந்து பார்த்தவன். “நான் வெச்ச ஒட்டு ஒழுகுதுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்” என்பான். யாரும் சொன்னதில்லை. மீசை இன்னும் இருக்கிறது.

அவன் மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்தது பட்டப்பகலில். தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம். வண்டியிலிருந்து பெட்டியைத் தானே இறக்கி, தானே தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முப்பதைத் தாண்டியவள், குழந்தை இல்லை. முகத்தில் அழுத தடம்கூட இல்லை. அழுதிருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “அவ எதுக்கு வந்தாளாம்னு கேளு அக்கா.”

அவளும் என்னைப் பார்த்தே சொன்னாள். “அந்த வீட்டுல நான் பேசறது யாருக்கும் கேக்கலை அத்தை. எத்தனை வருஷம்தான் கத்தறது?”

அடி, உதை என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நியாயம் கேட்டிருப்போம். கேட்கவில்லை என்பதற்கு எங்கே போய் எந்த நியாயத்தைக் கேட்பது? தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அன்றோடு அப்பனும் மகளும் ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றது.

கேட்டவர்களிடம் நான்தான் பதில் சொன்னேன். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, வரும்வரை இங்கே இருப்பாள் என்றேன். அவன் கடல் பக்கம் காற்று வாங்கக்கூடப் போனவனில்லை. ஆனாலும் கப்பல் நல்ல சாக்கு. எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் கணக்குக் கேட்க முடியாது.

வீட்டுக்குள்ளே எனக்கு வேறு வேலை. மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். “சோறு ஆறுதுன்னு அவகிட்ட சொல்லு அக்கா” என்பான் அவன். “பசி இல்லைன்னு சொல்லுங்க அத்தை” என்பாள் அவள். கை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொடலாம். அவ்வளவு தூரத்துக்கு நான் தூது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

மழை தொடங்கும் சமயத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மழை விட்டதும் அவளுடைய கொழுந்தன் வந்து அழைத்துப் போவானாம். தம்பி என்னிடம், “போகட்டும். இங்க உக்காந்து என்ன பண்ணப் போறா?” என்றான். அவள் அன்று மேஜையை விட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவள், வந்ததும் என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். பெல் கடையில் ஆள் தேவையாம்.

பெல் கடை என்பது கடைத்தெரு முடிகிற இடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் கடை. வீட்டு அழைப்பு மணி, ஆஸ்பத்திரிக் கட்டில் மணி, லாட்ஜ் மணி என்று மணி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ரிப்பேர் செய்வார்கள். நடத்துகிறவள் கனத்த சரீரம் கொண்ட ஒரு பெண்பிள்ளை. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவள். ஊரில் பெல்லம்மா என்று பெயர். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் குழாய் வீட்டுப் பெண் ஸ்டூல் போட்டு உட்காருவதா என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லவும் சொன்னேன்.

“அங்க பின்னாடி ஒரு ரூம் இருக்கு அத்தை. வேலை கிடைச்சா அதுலயே இருந்துக்கலாமாம். அப்புறம் என்னை யாரும் வந்து கூட்டிட்டுப் போக முடியாது, பாருங்க” என்றாள்.

பெல்லம்மா அவளை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் ஈயம் வைத்து ஒட்டப் பழகிக்கொண்டு வரச் சொன்னாள். ஆற்றுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. எழுந்து நடக்க முடியாத வயதானவர்களை மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே நர்ஸைக் கூப்பிடும் கட்டில் மணிகளுக்குள் இருக்கும் கரண்ட் போர்டுகள் எல்லாம் பழசாகி ஒட்டு விட்டுப்போயிருந்தன. அவற்றை ஒட்டிக் கொடுக்க வேண்டும். மழை முடியும்வரை அந்த ஒட்டுகள் தாங்கி நின்றால் ஸ்டூலும் அறையும் அவளுக்கு.

“அவ்வளவு நாள் எதுக்கு, ஒட்டினதும் பார்த்தா தெரியாதா?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“ஒட்டின அன்னைக்கு எல்லா ஒட்டும் நல்லாத்தான் இருக்கும்” என்றாளாம் பெல்லம்மா.

சாமான் வாங்கப் போகும்போது நானும் கூடப் போனேன். எங்கள் வீட்டுப் பெண் தனியாகக் கடை கடையாக ஏறி இறங்குவது எனக்குச் சரிப்படாது. எலக்ட்ரிக் கடையில் அயர்ன் ஒன்று கேட்டாள். துணி தேய்க்கும் அயர்ன் வீட்டில் இருக்கிறதே என்றேன். கடைக்காரன் சிரிக்காமல், ஈயத்தை உருக்கும் பேனா மாதிரிச் சாமான் ஒன்றை எடுத்து வைத்தான். பிறகு ஈயம் கேட்டாள்.

“எந்த ஈயம்? தடிப்பா, மெல்லிசா? உள்ள பிசின் வெச்சதா, வெக்காததா? இல்ல, ஈயம் இல்லாத ஈயம் போதுமா?”

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஈயம் இல்லாத ஈயமா? தண்ணி இல்லாத தண்ணியும் விப்பீங்களா?”

“ஆர்டர் குடுத்தா வரவழைச்சுத் தரேன் பாட்டி” என்றான் அவன். பாட்டி என்றதை நான் மறக்கவில்லை. அந்தக் கடையில் இன்றுவரை ஒரு பல்புகூட வாங்கவில்லை.

அவள் எல்லாவற்றையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். காரீயமே கலக்காத கம்பிக்குச் சூடு அதிகம் வேண்டும், புதுக் கை என்றால் அது உருகுவதற்குள் போர்டு கருகிவிடும் என்று பெல்லம்மா சொல்லியிருந்தாள். தடித்தது ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனால் நூலைவிடக் கொஞ்சம் பருமனான கம்பியாக, அறுபது நாற்பது என்று சுற்றில் எழுதியதாக, நடுவில் பிசின் ஓடுவதாகப் பார்த்து எடுத்தாள். அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம் என்று எனக்கு விளக்கினாள். காரீயம் விஷமல்லவா என்றேன். வேலை முடிந்து கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றாள். பெண்ணுக்கு எப்படியெல்லாம் புத்தி இருக்கிறது, அந்த வீட்டில் இதை யாரும் கண்டார்களா என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாடி அறையில் ஜன்னலோரம் மேஜை போட்டு ஆரம்பித்தாள். நான் காய் நறுக்கும் சாக்கில் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வேன். பெல்லம்மா கொடுத்த உடைந்த போர்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றைக் கழற்றுவதும் திரும்ப ஒட்டுவதுமாக நாள் போனது. முதலில் எல்லாம் உருண்டை உருண்டையாக வந்தது. எலிப் புழுக்கை மாதிரி இருக்கிறது என்றேன். “சொல்லாதீங்க அத்தை, எனக்கே தெரியுது” என்றாள். ஈயத்தைக் கொண்டுபோய் அயர்ன் முனையில் வைத்து உருக்கிச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தாள். அது தவறு என்று அவளுக்குத் தானாகவே பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. சூடாக்க வேண்டியது ஈயத்தை இல்லை, ஒட்ட வேண்டிய இரண்டையும். இரண்டும் ஒன்றாகச் சூடேறி நிற்கும்போது கம்பியை அவற்றில் தொட்டால் போதும், ஈயம் தானே ஓடிப் படியும். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால், பார்வைக்கு ஒட்டிய மாதிரி இருக்கும், விரலால் தட்டினால் ஆடும். அதற்குக் கடையில் டிரை சால்டர் என்று பெயராம்.

விரலில் கொப்புளம், மூக்கில் பிசின் புகை. ஈரப் பஞ்சில் முனையைத் துடைக்கும்போது சுர்ரென்று வரும் சத்தம் கீழே தம்பி உட்கார்ந்திருக்கும் இடம்வரை கேட்கும். அவன் பேப்பரைத் தாழ்த்தி மேலே ஒருதரம் பார்ப்பான். “என்ன பண்றாளாம்?” என்று என்னைக் கேட்பான். ஒட்டுகிறாள் என்பேன். “எதை எதோட?” என்பான். ஆனால் அவள் வெளியே போகும் நேரம் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். மேஜைமேல் அவன் கைப்பட்ட போர்டு சற்று இடம் மாறி இருக்கும். அதை அவளும் கவனித்தாள். அதற்குப் பிறகு நன்றாக வந்த போர்டை மேலாக வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

ஒட்டு கடைசியில் உருண்டையாக இல்லாமல், சின்னக் குன்று மாதிரிச் சரிந்து பளபளவென்று வந்தது. பெல்லம்மா பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி போர்டுகளைக் கொடுத்தனுப்பினாள்.

அங்கேதான் சிக்கல். அந்தப் போர்டுகளில் செம்பெல்லாம் கறுத்துப்போயிருந்தது. எவ்வளவு சூடு காட்டினாலும் ஈயம் ஒட்டாமல், இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி விலகி விலகி ஓடியது. இந்த மாதிரி இடத்தில் கறுப்பை எடுக்கும் பேஸ்ட் கொஞ்சம் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று பெல்லம்மா முன்பே சொல்லியிருந்தாள். இவளிடம் பேஸ்ட் இல்லை. வாங்கப் போகலாம் என்றால் வெளியே மழை கொட்டித் தீர்த்தது. கடைத்தெருவில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், கடைகள் எல்லாம் அடைப்பு. போர்டுகளைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அன்று சாப்பிடும்போது என்னிடம் அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

தம்பி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான். பின்பக்கக் கொட்டகையில் சாமான்களை உருட்டும் சத்தம் கேட்டது. நனைந்துகொண்டே திரும்பி வந்து, ஒரு தகர டப்பாவைத் துண்டால் துடைத்து மேஜை நடுவில் வைத்தான்.

“பேஸ்ட் இருக்குன்னு சொல்லு அக்கா. குழாய் வீட்டுப் பொண்ணு பேஸ்ட்டுக்குக் கடையேற வேண்டாம்னு சொல்லு.”

அவள் வந்த நாளிலிருந்து அவன் அவளுக்கென்று எடுத்துக் கொடுத்த முதல் பொருள் அது. அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“இது கரண்ட் போர்டுக்கு ஆகுமான்னு கேளுங்க அத்தை.”

நான் கேட்டேன். அவன் முகம் கறுத்தது. “அங்கயும் செம்பு, இங்கயும் செம்பு. செம்புல பிடிக்கற பேஸ்ட் செம்புல பிடிக்காதா? நான் வெச்ச ஒட்டு எங்க விட்டுச்சுன்னு அவளைக் கேளு.”

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரின்னு சொல்லுங்க” என்று அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அந்த பேஸ்ட்டுக்கு ஈயம் தண்ணீராக ஓடியது. கறுத்த செம்பெல்லாம் ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. தம்பி அன்று சாக்கு எதுவும் இல்லாமல் மாடிக்கு வந்தான். வாசற்படியில் நின்று, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு ஒட்டாகப் பார்த்தான். “கைவாகு இருக்கு அவளுக்கு” என்று என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

போர்டுகள் ஆஸ்பத்திரிக்குப் போயின. மணிகள் எல்லாம் அடித்தன. மழை விடாமல் பெய்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறி, உப்பு பொங்கி, துணிகள் காயாமல் நாறின. அவள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மழை நின்றால் ஸ்டூல். மழை நின்றால் கொழுந்தனும் வருவான். எது முந்தும் என்பதுதான் கேள்வி.

இரண்டுக்கும் முன்னால் பெல்லம்மா வந்தாள். காலையில் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டும் உட்காரவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு போர்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

ஒட்டுகள் அப்படியே பளபளவென்று இருந்தன. ஆனால் அவற்றைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு ஒட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மெல்லிய செம்புக் கோடு பாதியில் அரித்துக் காணாமல் போயிருந்தது.

ஏழாம் கட்டில் பெரியவர் மணியை அமுக்கியிருக்கிறார். அமுக்கினால் எரியும் விளக்கு வெளியே எரியவில்லை. யாரும் வராததால் தானே எழுந்திருக்கப் பார்த்து விழுந்து, தோள் இறங்கிவிட்டது. நர்ஸ் பார்க்கப் போனபோதும் கீழே கிடந்தபடியே கையிலிருந்த பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாராம். பெல்லம்மா இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னாள். பிறகு கழற்றிப் பார்த்தால் எல்லாப் போர்டிலும் பச்சை.

“இது குழாய்க்காரங்க பேஸ்ட். ஆசிட். குழாயில பரவாயில்லை, உள்ள தண்ணி ஓடும், செம்பும் தடிப்பு. போர்டுல ஒரு மாசத்துல தின்னுடும். முதல் நாளே உன்கிட்ட சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“மறந்துட்டியா?”

“மறக்கலை. கேட்டேன்...”

“யார்கிட்ட கேட்டே?”

தம்பி உள் அறைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். கையில் தேநீர். அவள் அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

“கடையில. நான்தான் வாங்கினேன்.”

எங்கள் வீட்டுப் பெண் எங்கள் வீட்டுப் பேரைத் தெருவில் போடவில்லை. அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெல்லம்மா போர்டைத் திரும்பப் பையில் போட்டாள். தெரியாமல் செய்திருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்றாள். “சொன்ன பிறகும் கடைக்காரன் பேச்சை நம்பற கை எனக்கு வேண்டாம். அங்க படுத்திருக்கறவங்களுக்கு அந்தப் பொத்தானை விட்டா வேற வாய் இல்லை.” தலைமேல் இருந்த கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், அப்படியே குடையை விரித்துக்கொண்டு போனாள்.

நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். யாரிடமாவது எதையாவது சொல்லச் சொல்லி யாராவது என்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவள் மாடிக்குப் போய்ப் பெட்டியை இறக்கித் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். அவனுடைய தேநீர் அப்படியே ஆறியது.

மறுநாள் காலையில் தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையோடு வெளியே போனான். எங்கே என்று நான் கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டான். இருட்டிய பிறகு வந்தான். அடுத்த நாளும் அப்படியே. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். “அவங்களா வந்து கூட்டிட்டுப் போறவரைக்கும் அப்பாவுக்குக் காத்திருக்க முடியலையா அத்தை?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பால் ஊற்றுகிறவன்தான் வாசலில் கேட்டான். “ஐயாவுக்கு உடம்புக்கு என்ன? ஆத்தோர ஆஸ்பத்திரில தினமும் உக்காந்திருக்காரே.”

கேரியரில் சோற்றை அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீண்ட வராந்தா. இரண்டு பக்கமும் கதவு திறந்த அறைகள், கட்டில்கள். மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும். நடுவில் ஒரு மர பெஞ்சில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். நான் கூப்பிட வாயெடுத்தபோது, எங்கோ ஒரு கட்டிலில் யாரோ இருமினார்கள். பிறகு கட்டில் கம்பியைத் தட்டும் மெல்லிய சத்தம். தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நர்ஸ் மேஜைவரை நடந்து போய், “நாலு” என்றான். நர்ஸ் எழுந்து போனாள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

நர்ஸ்தான் எனக்குச் சொன்னாள். முதல் நாள் வந்து, ஏழாம் கட்டில் பெரியவர் முன்னால் நின்றுகொண்டு சொன்னானாம். மணி கெட்டது எங்கள் வீட்டு பேஸ்ட்டால், இது ஆகுமா என்று என் மகள் கேட்டாள், ஆகும் என்று சொன்னது நான், மணி திரும்ப வரும்வரை யார் கூப்பிட்டாலும் இங்கே உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறேன் என்று. முதலில் விரட்டப் பார்த்தார்களாம். போகவில்லையாம். அப்புறம் ஆள் பற்றாக்குறையில் இதுவும் ஆயிற்று என்று விட்டுவிட்டார்கள்.

நான் பெஞ்சுக்குப் போனேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேரியரைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தேன். குழாய் வீட்டு ஆண்பிள்ளை ஊரான் கட்டிலுக்குக் காவல் உட்காருவதா? சொல்லத்தான் வேண்டும் என்றால் அந்தப் பெல்லம்மாவிடம் நாலு சுவருக்குள் சொல்லியிருக்கக் கூடாதா? அப்பா பேரை இப்படி வராந்தா நெடுகக் கொட்டி வைப்பதா? அடுக்கிக்கொண்டே போனேன்.

“மெதுவாப் பேசு அக்கா” என்றான் அவன். “யாராவது கூப்பிட்டா கேக்காது.”

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து நானும் கேட்க ஆரம்பித்தேன். மூச்சு இழுப்பது, கட்டில் கிறீச்சிடுவது, ஒருத்தி தனக்குத்தானே யாருடைய பேரையோ சொல்லிக்கொண்டே இருப்பது. இவ்வளவு சத்தம் அந்த இடத்தில் இருக்கும் என்று நுழையும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

மத்தியான வாக்கில் வராந்தா முனையில் பெல்லம்மாவின் கனத்த நடை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கருவிப் பையோடு தம்பி மகள். நர்ஸ் சொல்லித்தான் பெல்லம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைக் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்து இங்கே வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர்கள் புதுப் போர்டுகளை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். “யார்கிட்ட கேட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உங்கப்பா மீசையையா எடுத்திருப்பேன்?” என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தாளாம்.

தம்பி மகள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். தம்பி எழுந்து நின்றான். நான் இருவருக்கும் நடுவில் வழக்கம்போல முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“ஏழாம் கட்டில்காரருக்குக் கை அவ்வளவு தூரம் வராது” என்றான் தம்பி. “ஒயரை நீட்டி வை.”

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அது புரிவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“எவ்வளவுப்பா?”

அவன் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். அவள் பையிலிருந்து ஒயர்ச் சுருளை எடுத்து, ஒரு முனையை அவனுடைய இடது உள்ளங்கையில் வைத்து, மறு கைவரை இழுத்து, அங்கே கத்தரித்தாள். அவள் கத்தரித்து முடிக்கும்வரை அவன் கைகளைத் தாழ்த்தவில்லை.

பெல்லம்மா ஏணியைப் போட்டுக்கொண்டே, நாளைக்கு எட்டு மணிக்குக் கடை திறப்பேன், தாமதமாக வந்தால் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன் என்றாள். கொழுந்தன் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றான் தம்பி. அதையும் அவளிடமே சொன்னான்.

சோறு ஆறுகிறது என்று நான் சொன்னேன். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. கேரியரை வைத்துக்கொண்டு எங்கே நிற்பதென்று தெரியாமல், ஏழாம் கட்டிலோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். பெரியவர் தோளில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது கூடவோ குறையவோ இருக்கும். அந்தப் பெண் யார் என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெண் என்றேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்றார். கப்பல் என் நாக்கு நுனிவரை வந்தது.

“அவன் அவன் வீட்டுல இருக்கான். இவ இங்க இருக்கா” என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை.

வேலை முடிந்தது. நீட்டிய ஒயரில் தொங்கிய பொத்தானைத் தம்பி மகள் கொண்டுவந்து, அவருடைய நல்ல கைக்குள் வைத்து, அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். அவர் அமுக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“அந்த பெஞ்சுல உக்காந்திருப்பாரே, அவர் உங்க தம்பியா?”

“ஆமா.”

“நான் தட்டாமயே வந்துடுவார். புரண்டு படுத்தாக்கூட வந்து எட்டிப் பார்ப்பார். பெல்லு சரியாயிடுச்சுன்னா, இனிமே வரமாட்டார் இல்ல?”

வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பழகியவள் நான். அன்று கேரியர் மூடியைத் திறந்து திரும்ப மூடினேன். “அமுக்குங்க ஐயா” என்றாள் தம்பி மகள் மறுபடியும். அவர் அமுக்கினார். வராந்தாவில் விளக்கு எரிந்தது. நர்ஸ் சிரித்துக்கொண்டே கை தட்டினாள். பெல்லம்மா ஏணியை மடக்கினாள். தம்பி குடையைத் தேடி எடுத்துக்கொண்டான்.

பெரியவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.